சூடு தெரியவில்லை என்றால் லேசர் வேலை செய்யவில்லையா?

"ஒண்ணுமே தெரியலையே டாக்டர், மிஷின் ஓடுதா?"

வலிக்குக் குறைந்த ஆற்றல் லேசர் சிகிச்சை எடுக்க வருகிறவர்கள் மாறி மாறிக் கேட்கும் கேள்வி இது. பிசியோதெரபிஸ்டான நான் சிரித்துக்கொண்டே பதில் சொல்லிப் பழகியவள்தான். அண்மையில் வந்த ஒருவரின் காலைப் பார்த்த பிறகு சிரிப்பு வரவில்லை. நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர். குதிகால் வலிக்கு இணையத்தில் கருவி வாங்கி, சூடு ஏறட்டும் என்று ஒரே இடத்தில் அழுத்தி வைத்திருக்கிறார். மரத்த பாதத்துக்குச் சூடு எப்படித் தெரியும்? கொப்புளம் உடைந்து சாக்ஸ் நனைந்த பிறகுதான் கவனித்திருக்கிறார். கருவியின் அடியில் 4-ஆம் வகுப்பு லேசர் (தோலைச் சுடும் அளவுக்கு வலுவானது) என்று தெளிவாகவே அச்சிட்டிருந்தது. யார் படிக்கிறார்கள்?

திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: இது ஒத்தடம் இல்லை. இங்கே வேலை செய்வது ஒளி. பெரும்பாலும் 600 முதல் 1000 நானோமீட்டர் அலைநீளத்துக்குள் வரும் சிவப்பு அல்லது அகச்சிவப்பு ஒளியைத் திசுக்களின் செல்கள் உறிஞ்சுகின்றன. அதனால் வீக்கமும் வலியும் தணிகின்றன. இந்தச் சிகிச்சைக்கான கருவிகள் பொதுவாக 3பி வகுப்பு, அதாவது 500 மில்லிவாட்டுக்கு உட்பட்டவை. அவற்றில் சூடு தெரியாமல் இருப்பதுதான் இயல்பு. அதற்கு மேல் போனால் 4-ஆம் வகுப்பு. அது நன்றாகவே சுடும், தோலைப் பொசுக்கவும் செய்யும். கருமையான தோலும் பச்சை குத்திய இடமும் ஒளியை அதிகம் உறிஞ்சும் என்பதால் அங்கே ஆபத்து இன்னும் கூடுதல். "சூடா இருந்தாத்தான் பவர்" என்று தேடிப்பிடித்து வாங்குகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அளவு என்பது ஜூல் கணக்கு, அதாவது கருவியின் திறனை நேரத்தால் பெருக்கினால் வரும் ஆற்றல். 100 மில்லிவாட் கருவியை ஒரு புள்ளியில் 60 விநாடி வைத்தால் 6 ஜூல். அதே 6 ஜூலுக்கு 5 மில்லிவாட் பேனா லேசரை 20 நிமிடம் அசையாமல் பிடிக்க வேண்டும். எனவே "எத்தனை நிமிஷம் வைக்கணும்?" என்று மொட்டையாகக் கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. கூட வைத்தால் கூடப் பலன் என்பதும் இல்லை. குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் கிடைத்த பலனும் குறைந்துவிடும். செடிக்குத் தண்ணீர் தெளிப்பதுபோல் அரையடி தள்ளிப் பிடிப்பதும் வீண். முனை தோலில் படவேண்டும்.

பலனே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2009-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வில், நாள்பட்ட கழுத்து வலிக்காரர்களுக்குச் சிகிச்சை முடிந்து 22 வாரங்கள் வரைகூட வலி குறைந்திருந்தது. ஆனால் தோள் இறுகிப்போனவர் லேசரை மட்டும் எடுத்துக்கொண்டு பயிற்சியைக் கைவிட்டால், வலி குறையும், கை மேலே போகாது. தலை சீவக்கூட முடியாமல் அப்படி வந்து நிற்பவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

ராத்திரியில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, காரணமில்லாமல் எடை குறைவது, கால் பலமிழப்பது, சிறுநீர் கட்டுப்பாடு போவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் லேசரை ஓரம்கட்டிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். புற்றுக்கட்டி உள்ள இடத்திலும் கர்ப்பிணியின் வயிற்றிலும் நீங்களாக வைக்கவே கூடாது. (புற்றுநோய் சிகிச்சையில் வரும் வாய்ப்புண்ணைத் தடுக்க மருத்துவமனைகளில் இதே ஒளியைப் பயன்படுத்துகிறார்கள். அது மருத்துவர் மேற்பார்வையில் நடப்பது. அதைக் காட்டி வீட்டில் ஆரம்பிக்காதீர்கள்.) வெயில் பட்டால் தோல் தடிக்கும் மாத்திரை ஏதும் சாப்பிட்டால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடைசியாகக் கண். 808 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் இமையும் மூடாது, விழித்திரை நேராக அடி வாங்கும். குழந்தைகள் இருக்கும் அறையில் கருவியை இயக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பாதுகாப்புக் கண்ணாடி சிகிச்சை எடுப்பவருக்கும் வேண்டும், கொடுப்பவருக்கும் வேண்டும். நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு வேலை பார்க்கும் சக பிசியோதெரபிஸ்டுகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன். கூலிங் கிளாஸ் உதவாது. கண்ணாடியின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் நானோமீட்டர் வரம்புக்குள் உங்கள் கருவியின் எண் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு சுவிட்சைத் தொடுங்கள்.