யாருடைய சராசரி முகம்?

"அண்ணாச்சி, மகளுக்குத் தை மாசம் கல்யாணம். பரு வந்த தழும்புக்காகத் திருநெல்வேலியில ஒரு கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனேன். டேப்ல போட்டோ புடிச்சாவ. கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, மூக்குக்கும் தாடைக்கும் ஃபில்லர் ஊசி போடணும்னு காட்டுது. அழகுக்கு நூத்துக்கு எழுபத்தொண்ணுன்னு மார்க்கும் போட்டுட்டாவ. புள்ள சரியாச் சாப்பிட மாட்டேங்கா. அந்த மெஷின் சொல்லுதத நம்பலாமா?"

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். அம்மா, அந்த மார்க்கை நம்ப வேண்டாம். ஏன் என்பது புரிய, அந்த டேப்புக்குள், அதாவது டேப்லெட் கணினிக்குள், நடக்கும் கணக்கைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

போட்டோ என்பது கணினிக்கு வெறும் எண்கள் நிறைந்த கட்டம். அதில் முகம் எங்கே இருக்கிறது என்று வேகமாகக் கண்டுபிடிக்கும் வழியை 2001-இல் வயோலா, ஜோன்ஸ் என்ற இருவர் கொடுத்தார்கள். இன்று அந்த வேலையை, ஏராளமான படங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் நரம்பு வலைப்பின்னல்கள் என்ற கணினி நிரல்கள் செய்கின்றன. அப்புறம் கண்ணோரம், மூக்கு நுனி, உதட்டு விளிம்பு என்று புள்ளி வைக்கும் வேலை. முன்பு 68 புள்ளிகள் வைத்தார்கள். கூகுளின் மீடியாபைப் என்ற மென்பொருள் 468 வைக்கிறது. இவ்வளவும் உங்கள் கைப்பேசியே செய்யக்கூடியதுதான்.

எனக்கு ஆசையாக இருக்கும் இடம் இதற்கு அடுத்தது. போட்டோ தட்டையானது. மூக்கு எவ்வளவு எடுப்பாக இருக்கிறது என்ற அளவு அதில் கிடையாது. ஆனாலும் டேப்பில் முகம் இடமும் வலமும் திரும்புகிறதே, எப்படி?

1999-இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிலையத்தில் வோல்கர் பிளான்ஸ், தாமஸ் வெட்டர் இருவரும் இதற்கு ஒரு அருமையான வழி சொன்னார்கள். 100 ஆண்கள், 100 பெண்கள் என்று 200 பேரின் தலையை லேசரால் அளந்தார்கள். ஒவ்வொரு தலையும் சுமார் 70,000 புள்ளிகள். முதல் ஆளின் மூக்கு நுனிக்கு என்ன எண்ணோ, இருநூறாவது ஆளின் மூக்கு நுனிக்கும் அதே எண் வருமாறு எல்லாத் தலைகளையும் ஒன்றோடொன்று பொருத்தினார்கள். சிரமமான வேலை இதுதான். பொருத்தியபின் எல்லாவற்றையும் கூட்டி 200-ஆல் வகுத்தால் ஒரு சராசரி முகம் கிடைக்கும். உலகத்தில் யாருக்குமே இல்லாத முகம்.

இப்போது ஒவ்வொருவர் முகத்திலிருந்தும் அந்தச் சராசரியைக் கழித்துவிடுங்கள். மிஞ்சுவது அவரவர் விலகல். இந்த விலகல்களில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. மூக்கு நுனி முன்னே வந்தால் பக்கத்துப் புள்ளிகளும் கூடவே வரும். கன்னம் அகன்றால் பெரும்பாலும் தாடையும் அகலும். ஆகவே புள்ளிகள் சேர்ந்து நகரும் சில திசைகளைப் பிரித்தெடுக்கலாம். ஒரு திசையில் போனால் முகம் ஒடுங்கி நீளும், எதிர்ப்பக்கம் போனால் அகன்று உருண்டுவரும் என்பதுபோல. 200 தலைகளிலிருந்து அதிகபட்சம் 199 திசைகள் கிடைக்கும். 70,000 புள்ளிகளுக்கு 2,10,000 எண்கள் வேண்டியிருந்த ஒரு முகம், 199 எண்களுக்குள் அடங்கிவிட்டது! இதை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை.

உங்கள் மகளின் போட்டோ வந்ததும் கணினி அந்தச் சராசரி முகத்தை எடுத்துக்கொள்கிறது. வெளிச்சம் இந்தப் பக்கம், கேமரா இவ்வளவு தூரம் என்று ஊகித்து, அந்த முகத்தை ஒரு படமாக வரைகிறது. படத்துக்கும் போட்டோவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து, எண்களைச் சற்று மாற்றி மறுபடி வரைகிறது. வித்தியாசம் இனிக் குறையாது என்னும் வரை இப்படியே. இன்றைய வலைப்பின்னல்கள் இந்த எண்களைக் கண்மூடித் திறப்பதற்குள் ஊகித்துவிடுகின்றன.

சரி, போட்டோவில் இல்லாத ஆழம் எங்கிருந்து வந்தது? முன்பு அளந்த அந்த முகங்களிலிருந்து வந்தது. அதனால்தான் அளக்கப்பட்டவர்கள் யார் என்ற கேள்வி இவ்வளவு முக்கியம். 2009-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியாகி ஆய்வாளர்களிடையே பரவிய பாசல் முக மாதிரியும் 200 பேரை அளந்ததுதான்; பெரும்பாலோர் ஐரோப்பியர். அப்படி ஒரு சராசரியை நடுவில் வைத்து அளந்தால் நம் பக்கத்து அகன்ற மூக்கு விலகலாகத் தெரியும். திரையில் அந்த விலகல் குறையாகிறது, குறைக்கு ஒரு ஊசி வந்துவிடுகிறது.

போட்டோ எடுத்த தூரத்தையும் கேளுங்கள். மூக்கு நுனிக்கும் காது மட்டத்துக்கும் 12 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கேமரா 30 செ.மீ. தள்ளி இருந்தால், காதோடு ஒப்பிட மூக்கு 42/30, அதாவது 1.4 மடங்கு பெரிதாக விழும். 150 செ.மீ. தள்ளி நின்றால் 162/150, வெறும் 1.08 மடங்கு. கையை நீட்டாமல் எடுத்த செல்ஃபி, மூக்கைக் கிட்டத்தட்ட 30 சதவீதம் கூடுதலாகக் காட்டிவிடும்.

இன்னொன்று, டேப் பார்ப்பது மேல்தோலை மட்டும். ஃபில்லர் என்பது தோலுக்கடியில் ஊசியால் ஏற்றி நிரப்பும் மருந்து. அது போகும் இடத்தில் ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. மருந்து தவறி அதில் ஏறிவிட்டால் தோல் அழுகலாம், அரிதாகப் பார்வையே போகலாம். மூக்கு இந்த ஆபத்து அதிகமுள்ள இடம். அந்தக் குழாய் எந்த ஆழத்தில் போகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதை எந்த போட்டோவும் சொல்லாது. அனுபவமுள்ள மருத்துவரின் கைதான் வேண்டும், தேவைப்பட்டால் அல்ட்ராசவுண்டும். ஹயலுரானிக் அமில ஃபில்லரைக் கரைக்கும் ஹயலுரானிடேஸ் மருந்து கையிருப்பில் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

நீங்கள் போனது தழும்புக்காக. அதில் இந்தக் கணினிகள் உண்மையாகவே உதவும். ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்தில் மாதாமாதம் எடுத்த படங்களை ஒப்பிட்டு, கறை எவ்வளவு மங்கியது என்று மனிதக் கண்ணைவிடச் சீராகச் சொல்லும். ஆனால் தழும்புக்கு லேசர் வைப்பதாக இருந்தால் கவனம் வேண்டும். நம் தோலில் நிறம் தரும் மெலனின் அதிகம். 755 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசரை மெலனின் நன்றாக உறிஞ்சும், 1064 நானோமீட்டரைக் குறைவாக. கறுத்த தோலுக்கு நீள அலையை நாடுவது அதனால்தான். தோல் புண்பட்டால் அந்த இடம் மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும். எனவே தோல் மருத்துவரிடம் காட்டி, லேசர்தான் என்றால் முதலில் சிறு இடத்தில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

நூற்றுக்கு இத்தனை என்ற மார்க் பற்றி என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். பல செயலிகள் 1.618 என்ற பொன் விகிதத்தை வைத்து அழகை அளப்பதாகச் சொல்கின்றன. மச்ச பலனுக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. எண் வந்துவிட்டதாலேயே அது அறிவியல் ஆகிவிடாது. திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரம் கோயில் சிற்பங்களைப் பாருங்கள். சிற்பிகளுக்கும் அளவு உண்டு. நவதாளம் என்ற சிற்ப அளவுமுறையில் முகம் 12 அங்குலம் (இது இன்ச் அல்ல, சிலைக்கேற்ப மாறும் அலகு), நெற்றி, மூக்கு, மூக்கடியிலிருந்து மோவாய் என்று நான்கு நான்காகப் பிரிப்பார்கள். அது கல்லில் வடிப்பதற்கான அளவு. உயிரோடிருக்கும் பெண்ணுக்கு அதை வைத்து யாரும் மார்க் போட்டதில்லை.

நம் முகங்களை நாமே அளக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் கல்யாண அலங்காரத்தைவிடப் பெரிய காரணம் இருக்கிறது. பல் சீரமைப்பு மருத்துவர்கள் வெளிநாட்டு அளவுகள் நம் தாடைக்கு அப்படியே பொருந்துவதில்லை என்பதை வெகுகாலம் முன்பே எக்ஸ்ரேயில் கண்டுகொண்டார்கள். இப்போது தேவை, பலதரப்பட்ட நம் மக்களின் முப்பரிமாண அளவுகள், அவர்கள் சம்மதத்தோடும், பெயர் வெளியே போகாத பாதுகாப்போடும். திருநெல்வேலி ஹைகிரவுண்ட் போன்ற அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு அரசு நிதி ஒதுக்கினால் செய்யக்கூடிய வேலைதான். நான்குவழிச் சாலை விபத்தில் ஒரு பக்கக் கன்ன எலும்பு நொறுங்கி வருபவருக்கு, மறுபக்கத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி அறுவையைத் திட்டமிடுகிறார்கள். இரண்டு பக்கமும் நொறுங்கியிருந்தால் திருப்புவதற்கு எதுவும் இருக்காது. அப்போது கணினி சராசரியிலிருந்துதான் எலும்பின் வடிவத்தை ஊகித்தாக வேண்டும். அந்தச் சராசரியில் இந்தப் பக்கத்து ஆட்களும் இருக்க வேண்டும்.