கவின்கலை மாணவர்களுக்கான உதவித்தொகைகள்: எதை எப்போது கேட்பது?

சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகளும், மாமல்லபுரம் அரசு சிற்பக்கலைக் கல்லூரியும் தமிழ்நாடு டாக்டர் ஜெ.ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. அரசுக் கல்லூரி என்பதால் கட்டணம் பெரும் சுமையாக இருப்பதில்லை. வண்ணம், கேன்வாஸ், தூரிகை, சூளைச் செலவு என்று மாதா மாதம் போகும் பணம்தான் பிள்ளைகளைத் திணற வைக்கிறது. அதற்குக் கைகொடுக்கும் திட்டங்கள் சில இருக்கின்றன.

மாநில அரசின் திட்டங்களிலிருந்து தொடங்குவோம். 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். இது 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. மாணவர்களுக்கு அதே தொகையைத் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று வந்தது. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் பின்னர் சேர்த்துக்கொண்டார்கள். விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகும். வேறு உதவித்தொகை வாங்குகிறோமே, இது கிடைக்காதோ என்று தயங்க வேண்டாம், இரண்டையும் பெறலாம். பணம் வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது, வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்பதை.

ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத்துறையின் போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான) உதவித்தொகைக்குப் பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையிலும் தனி உதவித்தொகை உண்டு. வருமானச் சான்றும் சாதிச் சான்றும் கல்லூரி திறக்கும் முன்பே கையில் இருந்தால் அலைச்சல் மிச்சம்.

பலரும் இத்தோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு ஆதங்கமே இங்குதான். கலை பயில்வோருக்கென்றே ஒன்றிய பண்பாட்டு அமைச்சகம் ஓர் உதவித்தொகை வைத்திருக்கிறது: இளம் கலைஞர்களுக்கான உதவித்தொகை. மாதம் 5,000 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்கு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை, நான்கு தவணைகளாக வரும். நாடு முழுவதும் ஆண்டுக்கு 400 பேர் வரை எடுக்கிறார்கள். இசை, நடனம், நாடகம், நாட்டுப்புறக் கலைகளோடு ஓவியம், சிற்பம், கிராஃபிக்ஸ், மட்பாண்டம், புகைப்படக் கலை ஆகியவற்றுக்கும் இடம் உண்டு. சி.சி.ஆர்.டி. என்ற பண்பாட்டு வளங்கள், பயிற்சிக்கான மையம்தான் இதை நடத்துகிறது.

விதிகளில் இரண்டைக் கவனமாகப் படிக்க வேண்டும். வயது, அந்த ஆண்டு ஏப்ரல் 1 அன்று 18 முதல் 25க்குள் இருக்க வேண்டும், தளர்வு கிடையாது. குருவிடமோ நிறுவனத்திலோ குறைந்தது ஐந்து ஆண்டுப் பயிற்சியும் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பிளஸ் டூ முடித்ததும் பி.எஃப்.ஏ. என்ற கவின்கலை இளங்கலைப் படிப்பில் சேர்ந்தால் நான்கு ஆண்டு. முதுகலையான எம்.எஃப்.ஏ.வின் முதல் ஆண்டும் முடியும்போது ஐந்தாகிறது. வயது 22 அல்லது 23. மிஞ்சுவது இரண்டு, மூன்று வாய்ப்புகள்தான். நடுவில் ஓரிரு ஆண்டு வேலைக்குப் போனவருக்கு அதுவும் நழுவிவிடும். கல்லூரிக்கு முன்பே ஓர் ஓவியரிடமோ ஸ்தபதியிடமோ பயின்றவர்கள், அவரிடம் கையெழுத்திட்ட சான்று வாங்கி வைத்தால் அந்த ஆண்டுகளையும் காட்டலாம். வருடம் கழித்துத் தேடிப்போய்க் கேட்பதைவிட, பயிற்சி முடிந்த கையோடு வாங்குவது நல்லது.

அடுத்தது படைப்புகள். தேர்வுக்குழு நேரில் அழைத்துத்தான் தேர்வு செய்யும். சிற்பத்துறையில் களிமண் உருவம் மதிப்பெண் வாங்கியதும் உடைந்து, மறுபடி தொட்டிக்கே போய்விடும். சுடவும் வார்க்கவும் காசு இருக்காது. அதனால் உடைக்கும் முன் பகல் வெளிச்சத்தில் நான்கு பக்கமும் படம் எடுத்து, அளவு, ஊடகம், தேதி எழுதி வையுங்கள். முதலாம் ஆண்டிலிருந்தே செய்தால் ஐந்தாம் ஆண்டில் நிறைவான ஒரு தொகுப்பு கையில் இருக்கும். தேர்வானவர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை முன்னேற்ற அறிக்கை கொடுக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

25 தாண்டியவர்களுக்கு ஒன்றிய அரசின் கவின்கலை அமைப்பான லலித் கலா அகாதெமி இருக்கிறது. 1954இல் தொடங்கிய இந்த அமைப்பும் இளம் கலைஞர்களுக்கு உதவித்தொகை தருகிறது. இதன் மண்டல மையம் சென்னை கிரீம்ஸ் சாலையில் உள்ளது. அங்குள்ள பட்டறைகள், சொந்தமாக அச்சு இயந்திரமோ சூளையோ வாங்க முடியாதவர்களுக்குப் பெரும் துணை.

காசில்லாமல் கிடைப்பதும் உண்டு. எழும்பூர் அருங்காட்சியக வளாகத்திலேயே கன்னிமாரா நூலகம் இருக்கிறது. இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதிகள் சட்டப்படி வந்து சேரும் நூலகங்களில் அதுவும் ஒன்று. கடையில் விலை கேட்டாலே மலைக்க வைக்கும் கலை நூல்களை அங்கே உட்கார்ந்து படிக்கலாம். பெரியமேட்டில் இருக்கும் சென்னைக் கவின்கலைக் கல்லூரிக்கு இது தூரமுமில்லை. சோழர் காலச் செப்புத் திருமேனிகள் பக்கத்திலேயே இருக்கின்றன; துறைத் தலைவரின் கடிதத்தோடு போய், அமர்ந்து வரைய அனுமதி கேளுங்கள்.