ஹைட் திருத்தம்: அரசு பணம் தர மறுத்தால் கருக்கலைப்பு குறையுமா?

அமெரிக்காவில் வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு மெடிக்கெய்ட். 1965-இல் தொடங்கிய இத்திட்டத்தின் செலவை மத்திய அரசும் மாநிலங்களும் பகிர்ந்துகொள்கின்றன. பிரசவச் செலவை ஏற்கும் மெடிக்கெய்ட், கருக்கலைப்பு என்றால் பெரும்பாலும் கையை விரித்துவிடும். காரணம், ஹைட் திருத்தம்.

1973-இல் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பை அரசியல் சாசன உரிமையாக ஏற்றது. 1976-இல் இலினாய் மாநிலத்திலிருந்து தேர்வான நாடாளுமன்ற உறுப்பினர் ஹென்றி ஹைட் கொண்டுவந்த திருத்தம், மத்திய அரசின் பணத்தை அதற்குச் செலவிடத் தடை போட்டது. இது நிரந்தரச் சட்டம் அன்று. ஆண்டுதோறும் நிதி ஒதுக்கீட்டு மசோதாவில் சேர்த்து நிறைவேற்றப்படும் நிபந்தனை. தாயின் உயிருக்கு ஆபத்து, பாலியல் வல்லுறவு, இரத்த உறவினரால் உண்டான கரு ஆகியவை மட்டும் இப்போது விலக்குகள். 1980-இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற பெரும்பான்மையில் திருத்தம் செல்லும் என்றது.

மாநிலங்கள் விரும்பினால் தங்கள் பணத்தில் இச்செலவை ஏற்கலாம். கலிபோர்னியாவும் நியூயார்க்கும் ஏற்கின்றன. ஹைட்டின் சொந்த மாநிலமான இலினாயும் 2018 முதல் ஏற்கிறது.

பணத்தை நிறுத்தினால் கருக்கலைப்பு குறைகிறதா? ஓரளவு குறைகிறது. வட கரோலினா மாநிலம் ஏழைப் பெண்களுக்கென ஒரு நிதி வைத்திருந்தது. 1978 முதல் 1993 வரை சில ஆண்டுகளில் அது இடையிலேயே தீர்ந்துபோனது. நிதி இருந்த மாதங்களையும் இல்லாத மாதங்களையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். நிதி இருந்தால் கருக்கலைப்பு செய்திருக்கக்கூடிய பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர், அது இல்லாதபோது குழந்தையைப் பெற்றுக்கொண்டார். மற்றவர்கள் எப்படியோ பணம் புரட்டினார்கள். அதற்குள் வாரங்கள் ஓடிவிடும். கரு வளர வளரக் கட்டணமும் ஏறும்.

மனசாட்சிக்கு ஒவ்வாத செயலுக்குத் தங்கள் வரிப்பணம் போகக் கூடாது என்பது திருத்தத்தை ஆதரிப்பவர்களின் வாதம். அந்த உணர்வு உண்மையானது. ஆனால் இந்த விதி, கையில் காசு உள்ளவரைத் தொடுவதே இல்லை. அதன் பாரம் முழுவதும் ஏழைப் பெண்கள் மேல் விழுகிறது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

ஏழைகளே அதிகம் இந்த முடிவுக்குத் தள்ளப்படுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2014-இல் கருக்கலைப்பு செய்துகொண்டவர்களில் பாதிப்பேர் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள்; பாதிக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே தாய்மார்கள். 2004-இல் எடுத்த ஒரு கணக்கெடுப்பில், இப்போது குழந்தை வளர்க்க வசதியில்லை என்பதையும் ஒரு காரணமாக 73 சதவீதம் பேர் சொன்னார்கள். கருக்கலைப்புக்குப் பணம் மறுப்பதால் குழந்தை வளர்க்கும் வசதி வந்துவிடாது. விரும்பியும் கருக்கலைப்பு கிடைக்காமல் திருப்பி அனுப்பப்பட்ட பெண்களை ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்த கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வு, அவர்களிடம் கடனும் வறுமையும் கூடியதைக் காட்டியது.

குடும்ப உதவித்தொகையும் இதில் சேரும். உதவி பெறும் தாய்க்கு மேலும் ஒரு குழந்தை பிறந்தால் கூடுதல் தொகை இல்லை என்று 1992-இல் நியூ ஜெர்சி சட்டம் இயற்றியது. குழந்தைக்கான பணத்தை வெட்டினால் கருக்கலைப்பு கூடும் என்று அஞ்சி, கருக்கலைப்பு எதிர்ப்பாளர்களும் உரிமை ஆதரவாளர்களும் ஒரே பக்கம் நின்று அதை எதிர்த்தார்கள். அந்த விதி 2020-இல்தான் நீங்கியது.

1980-களின் தொடக்கத்தில், 15 முதல் 44 வயதுள்ள ஆயிரம் பெண்களுக்கு ஆண்டுக்கு 29 கருக்கலைப்புகள் நடந்தன, 2017-இல் 13.5 மட்டுமே. இந்தச் சரிவில் கருத்தடை வசதிக்குப் பெரும்பங்கு உண்டு. கொலராடோ மாநிலம் 2009 முதல், கருப்பைக்குள் வைக்கும் சாதனங்களையும் கையில் பொருத்தும் கருத்தடைக் குச்சிகளையும் இலவசமாகவோ குறைந்த விலையிலோ தந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அங்கே பதின்வயதினரின் பிரசவங்களும் கருக்கலைப்புகளும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. அந்தப் பெண்களில் எவருக்கும் எதுவும் மறுக்கப்படவில்லை.

2022-இல் உச்ச நீதிமன்றம் 1973-இன் தீர்ப்பை ரத்து செய்தது. பல மாநிலங்கள் கருக்கலைப்பையே தடை செய்துவிட்டன. அங்குள்ள ஏழைப் பெண் இப்போது சிகிச்சைக் கட்டணத்தோடு, வேறு மாநிலம் போய்வரும் பஸ் அல்லது விமானச் செலவையும், வேலைக்குப் போகாத நாட்களின் கூலியையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டியிருக்கிறது.