எட்டாம் வகுப்பில் ஒரு ஜூன் மாதம்: எல்லையோரத் தமிழ்ப் பெற்றோருக்கு லிட்டில் கைட்ஸ் பற்றி

பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கம் வீடுகளில் ஓடுவது தமிழ்ச் சேனல்தான். மூணாறு, வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்டங்களின் தொழிலாளர் லயங்களிலும் அப்படியே. அதனால் நான் முதல்வன், புதுமைப் பெண், வானவில் மன்றம் என்று தமிழ்நாட்டுத் திட்டங்களின் பெயர் நம்மவர்களுக்கு அத்துப்படி. பிள்ளை படிப்பதோ கேரளத்துப் பள்ளியில். அந்தப் பள்ளிக்குள்ளேயே கணினியும் எலெக்ட்ரானிக்ஸும் காசு வாங்காமல் கற்றுத்தரும் ஒரு திட்டம் 2018 முதல் நடக்கிறது. லிட்டில் கைட்ஸ் என்று அதன் பெயரைச் சொன்னால், "அது என்னங்க டீச்சர், பட்டம் விடறதா?" என்று கேட்கும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். பள்ளி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்துத் திட்டம்தான் பிள்ளைக்குக் கிடைக்கும். பேசும் மொழியோ சொந்தபந்தம் இருக்கும் ஊரோ இதில் கணக்கில் வராது. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் உள்ள 7.5 சதவீத ஒதுக்கீடு, 6 முதல் 12 வரை அங்கே அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உரியது. புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் அங்கே பள்ளி படித்தவர்களுக்குத்தான். கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் பத்தாவது வரை படித்துவிட்டு, பொள்ளாச்சியில் கல்லூரி சேரும்போது இதைக் கேட்டு ஏமாறுகிறவர்களைப் பார்க்கையில் வருத்தமாக இருக்கிறது. அங்கே கிடைக்காததை நினைத்து ஏங்குவதைவிட, இங்கே உரிமையாகக் கிடைப்பதைக் கேட்டு வாங்குவதில்தான் நம் கவனம் போகவேண்டும்.

லிட்டில் கைட்ஸ் என்பது கேரள அரசு, அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளிகளில் இயங்கும் மாணவர் ஐ.டி. மன்றம். நடத்துவது கைட் என்னும் அரசு நிறுவனம். முன்பு ஐ.டி. அட் ஸ்கூல் என்ற பெயரில் இருந்தது இதுதான். ஸ்டூடண்ட் போலீஸ் கேடட் அமைப்பு எல்லோருக்கும் தெரியும். அதை மாதிரியாக வைத்துத்தான் இதையும் தொடங்கினார்கள். பள்ளியில் இரண்டு ஆசிரியர்கள் இதற்குப் பொறுப்பு. அவர்களைக் கைட் மாஸ்டர், கைட் மிஸ்ட்ரஸ் என்பார்கள். கிராபிக்ஸ், அனிமேஷன், ஸ்கிராட்ச் போன்ற பிள்ளைகளுக்கான மென்பொருள்களில் புரோகிராமிங், மொபைல் ஆப் செய்வது, எலெக்ட்ரானிக்ஸ், ரோபாட்டிக்ஸ், இணையப் பாதுகாப்பு என்று பயிற்சி போகிறது. பள்ளி அளவில் முகாம் நடக்கும். அதில் நன்றாகச் செய்கிறவர்கள் உபஜில்லா, ஜில்லா, மாநில முகாம் என்று மேலே போகலாம்.

சேர்வதற்கு வாய்ப்பு எட்டாம் வகுப்பில்தான். பள்ளி திறந்த ஜூன் மாதத்திலேயே விண்ணப்பம் வாங்குவார்கள், பெரும்பாலும் அந்த மாதத்துக்குள்ளேயே தேர்வும் நடந்துவிடும். ஒன்பதாவது போனபின் "சார், எம் பொண்ணையும் சேத்துக்கங்க" என்றால் ஆசிரியர் நினைத்தாலும் சேர்க்க முடியாது. எஸ்டேட்டில் வேலை பார்க்கும் அப்பா அம்மா ஜூனில் நோட்டுப் புத்தகம், யூனிபார்ம் அலைச்சலில் இருக்கும்போது இந்தத் தேதி சத்தமில்லாமல் கடந்து போய்விடுகிறது. ஏழாம் வகுப்பு முடியும் மார்ச்சிலேயே பிள்ளையிடம் சொல்லி வையுங்கள். பள்ளி திறந்த முதல் வாரத்தில், "எய்ட்த்துக்கு லிட்டில் கைட்ஸ் ஃபார்ம் எப்ப தருவீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தேர்வைக் கண்டு பயப்பட வேண்டாம். கணினியில் உட்கார்ந்து எழுதும் அரைமணி நேரத் தேர்வு அது, சரியான விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும். தருக்கம், கணக்கு, புரோகிராமிங் அடிப்படை, 5, 6, 7 வகுப்புகளின் ஐ.டி. பாடம், கணினி பற்றிய பொது அறிவு ஆகியவற்றிலிருந்து கேள்வி வரும். ஐ.டி. பாடநூல் தமிழ் வழியிலும் அச்சாகிறது. பழைய புத்தகம் கிழிந்துபோயிருந்தால் பாடநூல் தயாரிக்கும் மாநில அமைப்பான எஸ்.சி.இ.ஆர்.டி.யின் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தேர்வுக்கு முன் கைட் விக்டர்ஸ் என்ற கல்விச் சேனலில் பயிற்சி வகுப்பு போடுவார்கள், மலையாளத்தில். நம் பிள்ளைகளுக்கு மலையாளம் காதுக்குப் புதிதில்லை. கூடவே தமிழ்ப் புத்தகத்தையும் புரட்டினால் போதும். வகுப்பில் முதல் ரேங்க் வாங்கும் பிள்ளைக்குத்தான் இது என்று நினைத்துப் பல வீடுகளில் விண்ணப்பமே போடுவதில்லை. அது தவறான எண்ணம். மொழிப்பாடத்தில் திணறும் ஒரு பையன் தருக்கக் கேள்வியில் பளிச்சென்று விடை சொல்வதை எந்த கைட் மாஸ்டரும் பார்த்திருப்பார்.

உள்ளே போனால் என்ன செய்வார்கள்? 2022 டிசம்பரில் சுமார் 2,000 பள்ளிகளுக்கு 9,000 ரோபாட்டிக் கிட் கொடுத்தார்கள். அந்தப் பெட்டியில் ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு சர்க்யூட் பலகை, எல்.இ.டி. விளக்குகள், ஒளியை உணரும் எல்.டி.ஆர். சென்சார், எதிரே பொருள் வந்தால் உணரும் ஐ.ஆர். சென்சார், சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சிறிய சர்வோ மோட்டார், ஒலியெழுப்பும் பஸ்ஸர், பற்றவைக்காமல் செருகி இணைக்கும் பிரெட்போர்டு, ஜம்பர் ஒயர், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் எல்லாம் இருக்கும். பிள்ளை எல்.டி.ஆரை பிரெட்போர்டில் செருகி, ஒயரை ஆர்டுயினோவில் இணைத்து, கணினியில் நாலு கட்டளை எழுதுகிறது. சென்சாரைக் கையால் மூடினால் எல்.இ.டி. எரியவேண்டும். முதல் தடவை பெரும்பாலும் எரியாது. எல்.இ.டி.யின் நீளக்கால் எந்தப் பக்கம் போனது, ரெசிஸ்டர் சரியான வரிசையில் இருக்கிறதா, கட்டளையில் பெரிது சிறிது குறி (>, <) தலைகீழாக விழுந்ததா என்று பக்கத்துப் பிள்ளையோடு சேர்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறது. கடைசியில் விளக்கு எரிகிறபோது, இருட்டினால் தானே எரியும் தெருவிளக்கின் சூட்சுமம் கைக்குள் வந்துவிடுகிறது. எலெக்ட்ரீஷியனோ மெக்கானிக்கோ என்ஜினியரோ, யாராக ஆனாலும் எங்கே பழுது என்று தேடும் இந்தப் பழக்கம்தான் சோறு போடும். அதனால்தான் இத்தனை வற்புறுத்துகிறேன்.

பள்ளிக் கணினிகளில் இருப்பது கட்டற்ற மென்பொருளான லினக்ஸ். வீட்டில் பழைய லேப்டாப் இருந்தால் அதிலும் காசில்லாமல் போட்டுக்கொள்ளலாம். லேப்டாப் இல்லையென்றாலும் சேரத் தடையில்லை, பயிற்சி பள்ளி லேபில்தான்.

ஏ கிரேடு வாங்கும் உறுப்பினருக்கு எஸ்.எஸ்.எல்.சி.யில் கிரேஸ் மார்க், அதாவது கூடுதல் மதிப்பெண் உண்டு. வருகை, முகாம், செய்துகொடுக்கும் வேலை எல்லாம் கிரேடில் சேரும் என்பதால் பெயரைக் கொடுத்துவிட்டு வராமலிருந்தால் பயனில்லை. வகுப்பு பெரும்பாலும் பள்ளி விட்டபின் மாலையில். தோட்டப் பகுதியில் இதுதான் பெரிய சிக்கல். கடைசி ஜீப், கடைசி பஸ் போய்விடும் என்று பெண்பிள்ளைகளை நிறுத்திவிடுகிறார்கள். அதே எஸ்டேட்டிலிருந்து வரும் நாலைந்து பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து பி.டி.ஏ. என்னும் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் பேசினால் நேரத்தையோ வண்டியையோ ஒழுங்குபண்ண வழி பிறக்கும். தனியாகப் போய்ச் சொன்னால் அது ஒருவர் வீட்டுப் பிரச்சினையாகவே நின்றுவிடும்.

லிட்டில் கைட்ஸுக்குத் தேர்வாகாத பிள்ளைக்கும் கதவு மூடிவிடவில்லை. 2025-26 முதல் கேரளத்தில் பத்தாம் வகுப்பு ஐ.டி. பாடத்தில் எல்லோருக்கும் ரோபாட்டிக்ஸ் உண்டு. அதற்காக 29,000 கிட் தரப்பட்டன. கை நீட்டினால் தானே சானிடைசர் ஊற்றும் கருவி அதில் ஒரு செய்முறை. முகத்தைக் கண்டு திறக்கும் கதவு இன்னொன்று. செய்முறை நாளில் பிள்ளை லீவு போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒயரைத் தொட்டுச் செய்யும் வாய்ப்பு அன்றைக்குத்தான்.

எல்லைக்கு இரு பக்கமும் பொருந்தும் ஒன்றும் இருக்கிறது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் மானக் விருது அது. ஆறாம் வகுப்பு முதல் படிக்கும் மாணவர்களின் சொந்த யோசனைகளில் ஒரு பள்ளி ஐந்து வரை இணையத்தில் பதிவு செய்யலாம். தேர்வானால் மாதிரி செய்ய 10,000 ரூபாய் நேராகப் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கு வரும், பிறகு ஜில்லாக் கண்காட்சி. எரிமலை, மழைநீர் சேகரிப்பு என்று எல்லோரும் செய்யும் மாடல் அங்கே எடுபடாது. சித்தூர்ப் பக்கத்து வாய்க்காலில் ராத்திரி ஆழியாறு தண்ணீர் வந்தால் வீட்டில் மணி அடிக்கும் ஒரு கருவி, மறையூரில் வெல்லம் காய்ச்சும் கொப்பரையின் சூட்டைச் சொல்லும் ஒரு கருவி என்று நம் ஊர்க் கஷ்டத்திலிருந்து பிறக்கும் யோசனைதான் வேண்டும். அதைச் சொல்ல அப்பாவும் தாத்தாவும் போதும், ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள், அறிவியல் ஆசிரியர் மற்றதைப் பார்த்துக்கொள்வார். பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கவேண்டும், பள்ளிப் பதிவேட்டில் உள்ள பெயரும் பாஸ்புக்கில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும். தமிழ் இனிஷியலை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதும்போது இரண்டு விதமாகிவிடுவது நம் பக்கத்தில் சகஜம். பணம் வரும் நேரத்தில் அலையாமல் இருக்க, இந்த வாரமே இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பாருங்கள்.