பிழையுணர் மின்னழுத்தம்

மேலமாசி வீதியை ஒட்டிய சந்தில் உள்ள டிடிபி கடையொன்றில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் பெண்ணைக் கவனித்திருக்கிறேன். ‘மணமகள்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘மணமகன்’ என்று விழுந்துவிட்டால், பக்கத்தில் நிற்பவர் வாய் திறப்பதற்குள் அவர் விரல் பேக்ஸ்பேஸுக்குப் போய்விடும். ‘ச்சே’ என்பது அதற்கும் பிறகுதான் வரும்.

இவ்வாறு கை தவறிய 50 முதல் 100 மில்லி நொடிக்குள், நெற்றிக்கும் உச்சந்தலைக்கும் இடைப்பட்ட பகுதியில் வைத்த மின்முனைகளில் மூளையின் ஓர் எதிர்மின் அலை பதிவாகிறது. 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஃபால்கன்ஸ்டைன் குழுவினரும் அமெரிக்காவில் கெரிங் குழுவினரும் தனித்தனியே இதை விவரித்தார்கள். இதையும் இதை ஒத்த பிற அலைகளையும் சேர்த்து ஆங்கிலத்தில் ‘எரர் ரிலேட்டட் பொட்டென்ஷியல்’ என்கிறார்கள். இதைத் தமிழில் என்னவென்று சொல்வது?

‘எரர்’ என்பதன் லத்தீன் வேருக்கு வழி தப்பி அலைதல் என்று பொருள். தமிழில் ‘வழு’ இதற்கு மிக நெருக்கமானது, அதுவும் வழுவுதலிலிருந்து வந்ததுதான். ஆனால் கணினித் தமிழில் அது நிரலில் உள்ள ‘பக்’ என்பதற்கு ஏற்கெனவே வழங்கிவிட்டது. எஞ்சுவது ‘பிழை’. கோவலனைக் கொல்வித்தது தவறென்று தெரிந்த கணத்தில் பாண்டியன் ‘தென்புலங் காவல் என்முதற் பிழைத்தது’ என்று மதுரை அவையில் சொன்னதாகச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. தன் தவற்றைத் தானே உணர்ந்து சொன்ன இடத்தில் வந்த சொல் என்பதால் இங்கே நன்றாகப் பொருந்துகிறது. (பிழைப்புத் தேடுவதற்கும் இதே சொல்தான் என்பது தனிக்கதை.) ‘பொட்டென்ஷியல்’ என்பதற்குப் பாடநூல் வழக்கான ‘மின்னழுத்தம்’ போதும், ‘அழுத்தம்’ என்று குறுக்கினால் மன அழுத்தமோ ரத்த அழுத்தமோ என்று படிப்பவர் மயங்குவார்.

இரண்டையும் அப்படியே ஒட்டி ‘பிழை மின்னழுத்தம்’ என்று எழுதுவதுதான் எனக்கு உறுத்துகிறது. வீட்டில் வோல்டேஜ் ஏறி இறங்கும் கோளாறைப் போல அது ஒலிக்கிறது. இங்கே மின்னழுத்தத்தில் ஒரு பிழையும் இல்லை. மேலும், பிழை எப்போதும் மனிதருடையதாகவும் இருப்பதில்லை. மூளையின் மின் அலைகளைப் படித்துக் கணினியை இயக்கும் மூளை–கணினி இடைமுகத்தில் ஒருவர் ‘இடது’ என்று சரியாகவே நினைக்க, கருவி அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு திரையில் உள்ள சுட்டியை வலப்பக்கம் நகர்த்தினாலும், அதைப் பார்த்தவரின் மூளையில் இவ்வகை அலை எழுகிறது. 2017-இல் எம்ஐடி, பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பாக்ஸ்டர் என்ற ரோபோ பொருளைத் தவறான பெட்டியில் போடப் போகும்போது, பார்த்துக்கொண்டிருப்பவரின் இந்த அலையைப் படித்தே அது தன் தேர்வை மாற்றிக்கொள்ளும்படி செய்து காட்டினார்கள். ஆகவே, யார் செய்த பிழையானாலும் அதை மூளை உணர்வதையே பெயர் சுட்ட வேண்டும் என்பதால், ‘பிழையுணர் மின்னழுத்தம்’ என்ற வினைத்தொகையே சரி. பேச்சில் ‘பிழையுணர் அலை’ என்றாலும் பொருள் கெடாது.