ஹெர்ட்ஸ்டீர்: நெஞ்சுக்குள் குடியிருக்கும் பிராணி

ஜெர்மன் எழுத்தாளர் ஹெர்டா முல்லர் 1994-இல் வெளியிட்ட நாவலின் பெயர் ‘ஹெர்ட்ஸ்டீர்’. ‘ஹெர்ட்ஸ்’ என்றால் இதயம். ‘டீர்’ என்றால் விலங்கு. இரண்டும் மழலைக்கும் தெரிந்த சொற்கள். சேர்த்து எழுதினாலோ ஜெர்மானியருக்கே புதிதாக ஒலிக்கும். ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் தலைப்பில் இந்தச் சொல்லை விட்டுவிட்டு, ‘பச்சை பிளம்களின் நாடு’ என்று பெயர் வைத்தார். நாவலில் காவலர்கள் பழுக்காத பிளம் காய்களைப் பறித்துப் பறித்துத் தின்பார்கள். அதிலிருந்து எடுத்த பெயர். நல்ல பெயர்தான். ஆனால் கதை முழுவதும் ஓடும் சொல் அட்டையை விட்டுப் போய்விட்டது. தமிழிலும் அது தொலைந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு சிறு பிராணி இருக்கிறது. பயந்தால் ஒடுங்கும், ஓடப் பார்க்கும். களைத்தால் அதைத் தூங்க வைக்க வேண்டும். உயிர் வாழ வேண்டும் என்று நமக்குள் துடித்துக்கொண்டிருப்பது அதுதான். நாவல் இந்தச் சொல்லுக்குத் தரும் பொருளை இவ்வளவு தூரம் விளக்கலாம். மற்றதைக் கதைதான் காட்டும்.

சொல் ஜெர்மன் என்றாலும் அதன் வேர் ருமேனிய மொழியில் இருக்கிறது. ருமேனியத்தில் ‘இனிமா’ என்றால் இதயம், ‘அனிமால்’ என்றால் விலங்கு. இரண்டையும் பிணைத்தால் ‘இனிமால்’. ஓர் எழுத்தை மாற்றினால் விலங்கு இதயத்தோடு ஒட்டிக்கொள்கிறது. இந்த விளையாட்டின் ஜெர்மன் வடிவமே ஹெர்ட்ஸ்டீர். இன்னும் ஆழத்தில் இரண்டு ருமேனியச் சொற்களுக்கும் மூலம் ஒன்றே: மூச்சு, உயிர் என்று பொருள்படும் ‘அனிமா’ என்ற லத்தீன் சொல். ஜெர்மனில் இந்த உறவு தெரியாது. தமிழ்ச் சொல்லைத் தேடும்போது இதை மறக்கக் கூடாது.

முல்லர் 1953-இல் ருமேனியாவின் பனாட் பகுதியில், ஜெர்மன் பேசும் சிறுபான்மையினரின் கிராமமான நிட்ஸ்கிடோர்ஃபில் பிறந்தவர். 15 வயதில் திமிஷ்வாரா நகரத்துக்குப் படிக்கப் போன பிறகுதான் ருமேனிய மொழி அவருக்கு வசப்பட்டது. ஒவ்வொரு மொழிக்கும் வேறு கண்கள் உண்டு என்று அவர் சொல்வார். அவருடைய கிராமத்து வழக்கில் காற்று ‘போகும்’, ஏட்டு ஜெர்மனில் ‘வீசும்’, ருமேனியத்தில் ‘அடிக்கும்’. ‘காற்று அடிக்கிறது’ என்று நாமும்தானே சொல்கிறோம்! அவர் தன் நாவல்களை ருமேனியத்தில் எழுதவில்லை. ஆனால் அந்த மொழி தன் எழுத்தில் எப்போதும் கூடவே இருக்கிறது என்பார்.

இப்படிப்பட்ட சொற்களை உண்டாக்கும் தேவை அவருக்கு ஏன் வந்தது? திமிஷ்வாராவின் இயந்திரத் தொழிற்சாலை ஒன்றில் அவர் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். அப்போது ருமேனியாவை ஆண்ட சர்வாதிகாரி சௌஷெஸ்குவின் ரகசியப் போலீசான செக்யூரிடாட்டேவின் ஆள் ஒருவன் வந்து, உளவு சொல்ல ஒப்புக்கொண்டு எழுதித் தரும்படி அதட்டினான். ‘அதற்கான குணம் எனக்கு இல்லை’ என்று அவர் மறுத்துவிட்டார். பிறகு அவருடைய அறை வேறொருவருக்குப் போனது. தோழி ஒருத்தி தன் மேசையில் ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தாள். சில நாளில் அவளும் கையை விரித்தாள். உளவாளியாக மறுத்தவரையே உளவாளி என்று தொழிற்சாலை முழுக்கப் பேச வைத்துவிட்டார்கள். இதைவிடக் கொடிய தண்டனை வேறு உண்டா?

அவர் படிக்கட்டில் கைக்குட்டையை விரித்து, தடித்த அகராதிகளோடு அதன்மேல் உட்கார்ந்து வேலை செய்தார். அப்போது படிக்கட்டின் பாகங்களுக்கு என்ன பெயர் என்று அகராதியில் தேடியிருக்கிறார். ஜெர்மனில் படிகளைத் தாங்கும் பக்கப் பலகைக்குப் ‘படிக்கன்னம்’ என்று பெயர். இடையில் உள்ள வெற்றிடத்துக்குப் ‘படிக்கண்’. மனிதர்கள் முகம் திருப்பிக்கொண்ட இடத்தில் படிக்கட்டுக்குக் கன்னமும் கண்ணும் இருந்தன. 2009-இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில் இதை அவரே சொன்னார். அதைப் படித்த பிறகுதான் ஹெர்ட்ஸ்டீர் எனக்கு முழுதாக விளங்கியது. அறையும் மேசையும் பறிபோன ஒருவருக்குச் சொல்லே துணைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது.

அரசும் அவருக்கு ஒரு சொல் வைத்திருந்தது. பின்னாளில் கிடைத்த ரகசியக் கோப்பு 914 பக்கம். அதில் அவருக்கு இட்ட மறைபெயர் ‘கிறிஸ்தினா’.

நாவலில், அந்தச் சர்வாதிகாரத்தின் கண்காணிப்பில் வாழும் நண்பர்கள் எழுதிக்கொள்ளும் கடிதங்களிலும் சொல்லே காவல். நகவெட்டுக் கத்தரி என்று வந்தால் விசாரணை நடந்திருக்கிறது. காலணி என்றால் சோதனை. சளி பிடித்திருக்கிறது என்றால் யாரோ பின்தொடர்கிறார்கள். கடிதத்தின் தொடக்கத்தில் வரும் விளிக்குப் பின் எப்போதும் ஆச்சரியக்குறி. வெறும் காற்புள்ளி இருந்தால் கொலை மிரட்டல். உறைக்குள் ஒரு தலைமயிரும் வைப்பார்கள். அது இல்லையென்றால் கடிதத்தை யாரோ பிரித்துவிட்டார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘ஹெர்ட்ஸ்’ என்பதற்கு நெஞ்சு என்ற சொல்லே பொருந்தும். இதயம் என்றால் மருத்துவமனை வாடை வந்துவிடுகிறது. நெஞ்சைத் தனி ஆளாக நிறுத்திப் பேசுவதும் ஊடுவதும் நமக்குப் பழக்கம். திருக்குறளில் ‘நெஞ்சொடு கிளத்தல்’ என்றும் ‘நெஞ்சொடு புலத்தல்’ என்றும் இரண்டு அதிகாரங்களே இருக்கின்றன.

இடர் இரண்டாவது பாதியில்தான். ‘நெஞ்சுவிலங்கு’ என்று முதலில் எழுதிப் பார்த்தேன். கைவிலங்கு, கால்விலங்கு என்று பழகிய காது இதையும் தளையாகவே கேட்கிறது. சர்வாதிகாரக் கதைக்கு அதுவும் பொருத்தம்தானே என்று தோன்றலாம். கூடாது, முல்லரின் பிராணி தளையை அறுத்து ஓட நினைப்பது. ‘மிருகம்’ என்றால் மிருகத்தனம் கூடவே வருகிறது. அது நாவலில் விசாரணை நடத்தும் கேப்டனுக்கு உரியது. ‘நெஞ்சுயிரி’ என்பது தூய தமிழ். உயிர்த்தல் என்றால் மூச்சுவிடுதல் என்பதால் பழைய லத்தீன் வேருக்கும் இணை. ஆனால் நுண்ணுயிரியை நினைவூட்டுகிறது.

நாவலில் ஒரு பாட்டி பேத்தியிடம், இன்று நிறைய விளையாடிவிட்டாய், உன் ஹெர்ட்ஸ்டீருக்கு ஓய்வு கொடு என்கிறாள். ஒரு பாட்டியின் வாயில் நெஞ்சுயிரி நிற்காது.

ஆகவே என் தேர்வு ‘நெஞ்சுப்பிராணி’. பிராணி வடசொல்தான். ஆனால் பிராணன் என்றால் மூச்சு. அனிமாவிலிருந்து அனிமால் வந்ததைப் போலவே பிராணனிலிருந்து பிராணி வந்தது. செல்லப்பிராணி என்றும் வாயில்லாப் பிராணி என்றும் சொல்லிப் பழகிய சொல். பரிவும் ஊமைத்துயரும் அதில் ஏற்கெனவே ஏறியிருக்கின்றன.

கடைசியாக ஒரு காட்சியில் இதை வைத்துப் பார்க்கிறேன். குளிரில் நண்பர்களின் வாயிலிருந்து வரும் மூச்சு, ஓடுகிற விலங்குக் கூட்டம்போல முகங்களுக்கு முன்னால் நகர்கிறது. கதைசொல்லி கேயோர்க் என்ற நண்பனிடம், “பார், உன் நெஞ்சுப்பிராணி குடியிருந்த வீட்டைக் காலி செய்கிறது” என்கிறாள். அவன் அவள் முகவாயைத் தூக்கிச் சிரிக்கிறான். பின்னர் அவன் ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்த சில வாரங்களில் பிராங்பர்ட்டில் ஜன்னலிலிருந்து விழுந்து இறக்கிறான். முல்லரின் நண்பரான கவிஞர் ரோல்ஃப் போஸெர்ட் 1986-இல் அதே நகரில் அவ்வாறே இறந்தார்.