கேள்விக்குறி போட்டால் பொறுப்பு தீருமா?

நிருபர் அனுப்பிய செய்தியில் "பின்னணியில் ஏதோ ஒரு சக்தி இயங்குகிறதா?" என்று ஒரு வரி வந்தால், அந்தச் சக்தியின் பெயரையும் சான்றையும் கேட்பேன். இல்லையென்றால் வரியை அடித்துவிடுவேன். "கேள்விதானே சார் கேட்டிருக்கிறேன்" என்பார்கள். செய்திப்பிரிவில் இது பழைய சாக்கு.

1920 மே 8 அன்று லண்டன் 'டைம்ஸ்' செய்ததும் இதைத்தான். உலகை ஆளத் துடிக்கும் யூதத் தலைவர்களின் ரகசியத் திட்டம் என்ற பெயரில், 1903இல் ரஷ்யப் பத்திரிகையொன்று வெளியிட்ட பிரசுரம் 'சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்'. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பற்றி 'டைம்ஸ்' எழுதியது. அப்போது ஆசிரியர் விக்கம் ஸ்டீட், பெயர்பெற்ற வெளிநாட்டுச் செய்தியாளர். பிரசுரம் உண்மை என்று கட்டுரை அடித்துச் சொல்லவில்லை. போலி என்றால் அதில் உள்ளபடியே எல்லாம் நடப்பது எப்படி, விசாரிக்க வேண்டாமா என்று கேட்டது. ரஷ்யப் புரட்சியால் மிரண்டிருந்த வாசகருக்கு அது போதுமானதாக இருந்தது.

குட்டை உடைத்தவரும் அதே நாளிதழின் நிருபர்தான். கான்ஸ்டான்டிநோபிளில் இருந்த பிலிப் கிரேவ்ஸ் கைக்கு, ரஷ்யாவிலிருந்து தப்பி வந்த ஒருவர் மூலம், முகப்புத் தாள் இல்லாத பிரெஞ்சு நூல் ஒன்று வந்தது. அன்றைய பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனைக் கிண்டல் செய்து மொரீஸ் ஜோலி 1864இல் எழுதியது. யூதர்களுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கிரேவ்ஸ் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஜோலியின் நூலில், விஷ்ணுவைப்போல் தன் பத்திரிகைகளுக்கு நூறு கைகள் இருக்கும் என்று கொடுங்கோன்மைக்கு வழிசொல்பவன் பீற்றிக்கொள்கிறான். பிரசுரத்திலும் பத்திரிகைகளுக்கு விஷ்ணுவின் நூறு கைகள்! நாம் வழக்கமாக நான்கு கைகளோடு சேவிக்கும் பெருமாளுக்கு, திருடியவன் எண்ணிக்கையைக்கூட மாற்றவில்லை.

1921 ஆகஸ்ட் 16 முதல் 18 வரை 'டைம்ஸ்' இதை வெளியிட்டது. பதினைந்து மாதம் கழித்து.

அதற்குள் அமெரிக்காவில் கார் தயாரிப்பாளர் ஹென்றி ஃபோர்டின் 'டியர்பார்ன் இண்டிபெண்டண்ட்' பத்திரிகை யூத எதிர்ப்புத் தொடரை நடத்திக்கொண்டிருந்தது; ஆசிரியர் வில்லியம் கேமரூன். பிரசுரம் நாட்டு நடப்போடு பொருந்துகிறது, அது போதும் என்றார் ஃபோர்டு. பொருந்தாமல் என்ன செய்யும்? எந்த அதிகார வெறியனுக்கும் பொருந்துகிற கிண்டலைத் திருடினால், எந்த வருடத்துச் செய்தியோடும் அது பொருந்தத்தான் செய்யும். 1927இல் அவதூறு வழக்கு நெருக்க, ஃபோர்டு மன்னிப்புக் கேட்டார், பத்திரிகையையும் மூடினார். அந்தக் கட்டுரைகளின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு அதன் பிறகும் அச்சேறிக்கொண்டிருந்தது.